ஸ்டிபுலேட்டட்னா என்ன தம்பி?

முதல்ல ஒரு சின்ன டெஸ்ட். டிக்‌ஷனரி, கூகுள் எதையும் தொடக்கூடாது. "சப்மிட் வித்தின் தி ஸ்டிபுலேட்டட் டைம்" என்ற வரியில் வரும் 'ஸ்டிபுலேட்டட்' என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம்?

நாலு வருஷமா நோட்டீஸ் போர்டில் நாம பார்த்துக்கிட்டே இருக்கிற சொல்தான். எக்ஸாம் ஃபீஸ் கட்டணுமா, ப்ராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்கணுமா, ஸ்காலர்ஷிப் ஃபார்ம் போடணுமா, எல்லா இடத்திலும் இது வந்து நிற்கும். ஆனா அர்த்தம் சொல்லுன்னு கேட்டா நம்மில் பல பேர் முழிப்போம். நானும் முழிச்சேன், அதுவும் எங்க அப்பா முன்னாடி. அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன். நடுவுல கொஞ்சம் கிராமர், கொஞ்சம் ரோமாபுரி, கொஞ்சம் சட்டம் எல்லாம் வரும். பயப்பட வேண்டாம், இன்டர்னல்ஸ்ல கேட்க மாட்டாங்க.

நான் பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். ஃபர்ஸ்ட் இயர்ல திடீர்னு எல்லாமே இங்கிலீஷ். தெரியாத சொல்லுக்கெல்லாம் டிக்‌ஷனரி பார்த்தா ஒரு பக்கத்தைத் தாண்டவே ராத்திரி ஆயிடும். அதனால ஒரு டெக்னிக் கண்டுபிடிச்சேன். ஒரு சொல் எங்க நிக்குது, அதுக்கு அக்கம்பக்கம் என்ன இருக்குன்னு பார்த்து அர்த்தத்தை ஊகிச்சுக்க வேண்டியது. இந்தச் சொல் வர்ற சர்க்குலர் எல்லாமே கடைசித் தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் என் கண்ணில் படும். அதனால் 'ஸ்டிபுலேட்டட்' என்றால் 'சீக்கிரம்' என்று முடிவு பண்ணிட்டேன். சீக்கிரமா கொடுத்தேன், வேலை நடந்தது. தப்பான அர்த்தத்தை வச்சுக்கிட்டே மூணு வருஷம் ஓட்டியாச்சு. அதனால ஒரு அரியர்கூட விழல.

நடுவுல ஒரே ஒரு தடவை இடறுச்சு. நான் சிவில். கான்கிரீட் டெக்னாலஜியில் மிக்ஸ் டிசைன் போட்டவங்களுக்குத் தெரியும். ஐஎஸ் 10262 கோடின் 2009 பதிப்பில், எம்40 கான்கிரீட்டுக்கான மாதிரிக் கணக்கு 'ஸ்டிபுலேஷன்ஸ் ஃபார் ப்ரொபோர்ஷனிங்' என்ற தலைப்பில்தான் தொடங்கும். கிரேடு எம்40, ஜல்லி அதிகபட்சம் 20 எம்எம், ஸ்லம்ப் 100 எம்எம் என்று வரிசையாகப் போட்டிருக்கும். 'சீக்கிரம்' இங்க பொருந்தல. சரி, 'கொடுக்கப்பட்டவை'ன்னு இருக்கும் போலன்னு நினைச்சுக்கிட்டு ரெக்கார்டு நோட்டில் அப்படியே எழுதி, டார்கெட் ஸ்ட்ரெங்த் 48.25 வரைக்கும் வந்து ஃபுல் மார்க்கும் வாங்கிட்டேன். ஒரே சொல்லுக்கு என்கிட்ட இப்போ ரெண்டு அர்த்தம் இருந்தது. ரெண்டும் சரியில்லை.

ஃபைனல் இயரில் பிளேஸ்மென்ட் வந்தது. ஒரு நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்தது. எங்க வீட்டில் மாதச் சம்பளம் வாங்கப் போற முதல் ஆள் நான்தான். ஆஃபர் லெட்டரோடு இன்னொரு பிடிஎஃப் வந்தது. முத்திரைத்தாளில் பிரிண்ட் எடுத்து, நானும் ஜாமீன்தாரராக ஒருத்தரும் கையெழுத்துப் போட்டு பத்து நாளுக்குள் அனுப்ப வேண்டிய சர்வீஸ் பாண்ட். சீனியர் ஒருத்தரிடம் கேட்டேன். "அதெல்லாம் சும்மா ஃபார்மாலிட்டி டா, கண்ணை மூடிக்கிட்டுப் போடு" என்றார். இன்னொருத்தர், "இந்த பாண்ட் எல்லாம் கோர்ட்ல செல்லவே செல்லாது மச்சி" என்றார். ரெண்டுமே கேட்க நல்லா இருந்தது. ஸ்டடி ஹாலிடேஸில் ஊருக்குப் போகும்போது பேப்பரையும் எடுத்துக்கிட்டுப் போனேன்.

எங்க அப்பா கட்டட மேஸ்திரி. லேபர் கான்ட்ராக்டுக்கு வீடு கட்டிக் கொடுப்பார். தமிழே எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் பேப்பரை நீட்டி, "இங்க ஒரு கையெழுத்துப்பா" என்றேன். சட்டைப் பையில் இருந்து பேனாவை எடுத்தார்.

"என்ன போட்டிருக்கு இதுல?"

"சும்மா ஃபார்மாலிட்டிப்பா. எல்லாரும் போடுறாங்க."

"சரி. நீ வரி வரியா சொல்லு, நான் கேட்டுக்கிறேன்."

சொல்லிக்கிட்டே வந்தேன். மூன்றாவது பக்கத்தில் அந்த வரி. "ஸ்டிபுலேட்டட் பீரியட் முடியறதுக்கு முன்னாடி வேலையை விட்டா, ஸ்டிபுலேட்டட் சம் ஒன்றரை லட்சம் கட்டணும். நான் கட்டலைன்னா நீங்க கட்டணும்."

"ஸ்டிபுலேட்டட்னா என்ன தம்பி?"

'சீக்கிரம்'னு சொல்லிப் பார்த்தேன் மனசுக்குள்ள. 'சீக்கிரமான ஒன்றரை லட்சம்' என்று வந்தது. 'கொடுக்கப்பட்ட' என்று போட்டா, யாரு கொடுத்தது, எப்போ கொடுத்ததுன்னு கேட்பார். "அது வந்துப்பா..." என்று இழுத்தேன். அப்பா திட்டல. பேனாவை மூடி மறுபடி பையில் வச்சுக்கிட்டார். "உனக்கே தெரியாத எழுத்துல நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது? தெரிஞ்சுக்கிட்டு சொல்லு, போட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போயிட்டார்.

எனக்குத் தூக்கம் வரல. மொட்டை மாடியில் உட்கார்ந்து மூணு வருஷமா பார்க்காத டிக்‌ஷனரியை அன்னைக்குத்தான் பார்த்தேன். அதில் தெரிஞ்சுக்கிட்டதை உங்களுக்கும் சொல்றேன்.

ஸ்டிபுலேட் என்றால், ஒரு ஒப்பந்தத்தின் அல்லது ஏற்பாட்டின் பகுதியாக 'இது இப்படித்தான் இருக்கணும்' என்று நிபந்தனை விதிப்பது. தமிழில் 'நிபந்தனை விதி', 'வரையறு' இரண்டும் பக்கத்தில் வரும். பழைய கிரையப் பத்திரங்களில் 'ஷரத்து' என்று எழுதியிருப்பாங்களே, அதுதான் ஸ்டிபுலேஷன். நம்ம நோட்டீஸ் போர்டு 'ஸ்டிபுலேட்டட் டைம்'க்கு ஊரில் அழகான சொல்லே இருக்கு, கெடு. கெடு வைக்கிறது என்றால் சீக்கிரம் என்று அர்த்தம் இல்லையே. ஒரு நாளாகவும் இருக்கலாம், ஒரு வருஷமாகவும் இருக்கலாம். எவ்வளவுன்னு முன்கூட்டியே சொல்லிக் கட்டிப்போட்டாச்சு, அதுதான் விஷயம்.

இதை எங்கே பயன்படுத்துவது? இது கோட் சூட் போட்ட சொல். ஒப்பந்தம், சட்டம், டெண்டர், கோட் புக், உயில் இதெல்லாம்தான் ஸ்டிபுலேட் பண்ணும். "ஒன்பது மணிக்குள்ள வீட்டுக்கு வந்துடணும்"னு அம்மா சொன்னா, அது வெறும் உத்தரவு. அங்க போய் 'மை மதர் ஸ்டிபுலேட்டட்' என்று எழுதினால் காமெடிக்குத்தான் ஆகும்.

'ஸ்பெசிஃபை'க்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? சட்டை சைஸ் 40 என்று துல்லியமாகச் சொன்னால் அது ஸ்பெசிஃபை. 'சைஸ் 40ஆ இருந்தாத்தான் வாங்கிக்குவேன், இல்லேன்னா பணம் கிடையாது' என்று பேசி வச்சுக்கிட்டா அது ஸ்டிபுலேட். பின்னாடி ஒரு 'இல்லேன்னா' ஒளிஞ்சிருக்கும். 'ஸ்டேட்' என்பது அதுவும் இல்லை, சும்மா சொல்வது மட்டும்தான்.

கிராமர் ஒன்றே ஒன்று. 'தி கான்ட்ராக்ட் ஸ்டிபுலேட்ஸ் தட் தி வொர்க் பி கம்ப்ளீட்டட் இன் ஸிக்ஸ் மன்த்ஸ்.' இங்கே 'இஸ்' வரல, 'பி' வருது, கவனிச்சீங்களா? வேலை இன்னும் முடியல. முடிஞ்சிருக்கணும் என்பது நிபந்தனை. நடந்ததைச் சொல்லாமல் நடக்க வேண்டியதைச் சொல்வதால் வினைச்சொல் மொட்டையாக நிற்கிறது. பிரிட்டிஷ்காரங்க இதே இடத்தில் 'ஷுட் பி', 'மஸ்ட் பி' என்றும் எழுதுவாங்க. அதுவும் சரிதான். அப்புறம் 'ஸ்டிமுலேட்' என்றால் தூண்டுவது, 'ஸ்பெகுலேட்' என்றால் ஊகிப்பது. ரெண்டையும் இதோடு குழப்பிக்காதீங்க. நான் மூணு வருஷமா செஞ்சது எல்லாம் ஸ்பெகுலேட்.

இப்போ அந்த மிக்ஸ் டிசைனுக்கு வாங்க. 'ஸ்டிபுலேஷன்ஸ்' என்ற தலைப்புக்கு அடுத்து 'டெஸ்ட் டேட்டா' என்று இன்னொரு தலைப்பு வரும். அதில் சிமெண்ட், மணல், ஜல்லியோட ஸ்பெசிஃபிக் கிராவிட்டி எல்லாம் இருக்கும். எதுக்கு ரெண்டு தலைப்பு, எல்லாமே கொடுக்கப்பட்டவைதானே? இல்லை. மணலோட ஸ்பெசிஃபிக் கிராவிட்டி இயற்கை கொடுத்தது. லேபில் அளந்து பார்த்துக்கலாம், யாரோடும் பேரம் பேச முடியாது. ஆனா எம்40 என்பதை இயற்கை சொல்லல. யாரோ ஒரு மனுஷன் 'எனக்கு இது வேணும்'னு கேட்டிருக்கான். எம்30 போதும்னு அவன் நினைச்சிருந்தா கணக்கே மாறியிருக்கும். டேட்டா என்பது இருக்கிறது, ஸ்டிபுலேஷன் என்பது ஒருத்தர் கேட்டு இன்னொருத்தர் ஒத்துக்கிட்டது. நான் பாண்டில் இருந்த வரியை டேட்டா மாதிரி படிச்சிருக்கேன், மாத்தவோ கேட்கவோ முடியாத ஒண்ணு மாதிரி.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தப்போதான் எனக்கு நிஜமாவே ஆச்சரியம். மூலம் லத்தீன். பழைய ரோமச் சட்டத்தில் 'ஸ்டிபுலாட்டியோ' என்று ஒரு ஒப்பந்த முறை இருந்தது. பேப்பர் தேவையில்லை, வாய்ப்பேச்சுதான். ரெண்டு பேரும் நேரில் இருக்கணும். ஒருத்தர் கேட்கணும், "இதைத் தருவதாக உறுதி சொல்கிறாயா? ஸ்பாண்டேஸ்?" அடுத்தவர் அதே சொல்லால், "உறுதி சொல்கிறேன், ஸ்பாண்டியோ" என்று பதில் சொல்லணும். அவ்வளவுதான், ஒப்பந்தம் கட்டுப்படுத்தும். கேட்டவருக்குப் பேரு ஸ்டிபுலேட்டர்.

இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த காயுஸ் என்ற சட்ட அறிஞர் இதைப் பற்றி விளக்கமா எழுதியிருக்கார். கேள்வியும் பதிலும் பொருந்தணும். பத்துக் காசு தருவியான்னு கேட்டு, அஞ்சு தர்றேன்னு பதில் வந்தா அந்த ஒப்பந்தம் செல்லாது. காது கேட்காதவரையும் வாய் பேச முடியாதவரையும் வைத்து இந்த ஒப்பந்தம் போட முடியாது. இன்னைக்கு நமக்கு அது அநியாயமாத் தெரியும். ஆனா அவங்க காரணம் ஒண்ணுதான், கேள்வி காதில் விழணும், பதில் வாயிலிருந்து வரணும்.

லத்தீனில் 'ஸ்டிபுலா' என்றால் வைக்கோல் தண்டு. உறுதி சொல்லும்போது ஒரு தண்டை ரெண்டா உடைச்சு ஆளுக்கொரு துண்டு வச்சுக்குவாங்க, அதிலிருந்துதான் இந்தச் சொல் வந்ததுன்னு ஏழாம் நூற்றாண்டில் செவில் நகரத்து இசிடோர் எழுதி வச்சிருக்கார். இந்தக் கதையை எல்லா ஆய்வாளர்களும் ஒத்துக்கிறதில்லை. ஆனா பிளஸ் ஒன் பாட்டனியில் 'இலையடிச் செதில்' என்று படிச்சோமே, அதோட இங்கிலீஷ் பேரான 'ஸ்டிப்யூல்' அந்த வைக்கோல் தண்டிலிருந்து வந்ததுதான்.

ஆங்கிலத்துக்குள் இந்த வினைச்சொல் 17ஆம் நூற்றாண்டில் வந்தது. வரும்போது கேள்வி பதிலில் பாதி உதிர்ந்து போச்சு. இப்போ நம்ம காதில் மேலிருந்து ஒருத்தர் விதிக்கிற மாதிரி மட்டும்தான் விழுது. ஆனா அந்தப் பழைய பாதி முழுசா சாகல. அமெரிக்க நீதிமன்றங்களில் ரெண்டு தரப்பு வக்கீல்களும் 'இந்த விஷயத்தில் எங்களுக்குள் தகராறு இல்லை' என்று ஒத்துக்கொள்வதற்கும் ஸ்டிபுலேட் என்றுதான் பேரு.

மாடியில் உட்கார்ந்து இதைப் படிக்கும்போது எனக்கு ரோமாபுரி ஞாபகம் வரல, எங்க வீட்டுத் திண்ணைதான் வந்தது. வீடு கட்டணும்னு ஒருத்தர் வந்தா அப்பா பேசுறதை சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கேன். "எத்தனை சதுரம்?" "பத்து." "கம்பி, சிமெண்டு உங்களோடதுதானே?" "ஆமா மேஸ்திரி." "சென்ட்ரிங் சாமான் வாடகை யாரு?" "நீங்கதான்." "சரி. மழை பேஞ்சு நின்ன நாளைக் கெடுவுல சேர்க்கக் கூடாது, சம்மதமா?" "சம்மதம்." வெத்தலை பாக்கு மேல வச்சு அட்வான்ஸ் வாங்குவார். ஒவ்வொண்ணுக்கும் ஒரு கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பதில். பதில் வராத கேள்வியோட அப்பா எந்த வேலையையும் ஆரம்பிச்சதில்லை. அப்படிப்பட்டவரிடம்தான் நான் ஃபார்மாலிட்டின்னு சொல்லியிருக்கேன்.

அடுத்து, சீனியர்கள் சொன்னது சரியான்னு பார்த்தேன். நான் வக்கீல் இல்லை, படிச்சதைச் சொல்றேன். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872. அதன் 74ஆவது பிரிவின் தலைப்பிலேயே நம்ம சொல் உட்கார்ந்திருக்கு, 'பெனால்ட்டி ஸ்டிபுலேட்டட் ஃபார்' என்று. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று தொகை எழுதியிருந்தாலும், நீதிமன்றம் நியாயமான இழப்பீட்டைத்தான் கொடுக்கும், எழுதிய தொகை அதுக்கு உச்சவரம்பு என்கிறது அந்தப் பிரிவு. அப்போ ஒன்றரை லட்சம் என்று எழுதியிருப்பதாலேயே கண்ணை மூடிக்கிட்டு ஒன்றரை லட்சமும் வாங்கிக் கொடுத்துட மாட்டாங்க.

அதுக்காக பாண்ட் செல்லவே செல்லாது என்பதும் தப்பு. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் விஜயா வங்கி வழக்கில் ஒரு தீர்ப்பு கொடுத்தது. மூணு வருஷத்துக்குள் வேலையை விட்டால் 2 லட்சம் ரூபாய் கட்டணும் என்ற நிபந்தனையை ஏற்று வேலைக்குச் சேர்ந்த ஒரு அதிகாரி, இடையில் ராஜினாமா செய்து, எதிர்ப்பு தெரிவித்தபடியே பணத்தைக் கட்டிவிட்டு வழக்குப் போட்டார். உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார். உச்ச நீதிமன்றமோ நிபந்தனை செல்லும் என்று சொல்லிவிட்டது. வேலையில் இருக்கும் காலத்துக்கான இப்படிப்பட்ட நிபந்தனை, தொழில் செய்யும் உரிமையைத் தடுப்பதாகாது என்பது ஒரு காரணம். பொதுத்துறை வங்கி ஒருவரைத் தேர்வு செய்ய நீண்ட, செலவு பிடிக்கும் நடைமுறையைப் பின்பற்ற வேண்டியிருக்கிறது என்பது இன்னொரு காரணம். அது பொதுத்துறை வங்கி, என் பாண்ட் தனியார் நிறுவனத்தோடது. ஒவ்வொரு வழக்கும் அதனதன் விவரத்தைப் பொறுத்தது. ஆனா 'கண்ணை மூடிக்கிட்டுப் போடு' என்ற அறிவுரை மட்டும் எந்தப் பக்கம் பார்த்தாலும் உதவாது.

காலையில் அப்பாகிட்ட போய் உண்மையைச் சொன்னேன். "நேத்து ஃபார்மாலிட்டின்னு சொன்னது தப்புப்பா. எனக்கே தெரியாமத்தான் சொன்னேன்." அப்பா தலையை ஆட்டிக்கிட்டார். ரெண்டு பேரும் உட்கார்ந்து, ஒரு வீட்டு வேலைக்குக் கேட்கிற மாதிரி கேள்வி எழுதினோம். ரெண்டு வருஷம் என்பது சேர்ந்த நாளிலிருந்தா, ட்ரெய்னிங் முடிஞ்ச நாளிலிருந்தா? மாசம் போகப் போக ஒன்றரை லட்சம் குறையுமா? ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டை வாங்கி வச்சுக்குவீங்களா? கம்பெனியே என்னை வெளியே அனுப்பினா பணம் கட்டணுமா? கடைசிக் கேள்வி அப்பாவோடது. எனக்குத் தோணவே இல்லை.

ஹெச்ஆருக்கு மெயில் அனுப்பும்போது கை நடுங்கியது, ஆஃபரையே கேன்சல் பண்ணிடுவாங்களோன்னு. பண்ணல. மூணாவது நாள் பதில் வந்தது. சேர்ந்த நாளிலிருந்து ரெண்டு வருஷம், ட்ரெய்னிங்கும் அதில் அடக்கம். தொகை குறையாது. ஒரிஜினலைச் சரிபார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். கம்பெனி வெளியே அனுப்பினால் பாண்ட் பொருந்தாது. கடைசிப் பதிலைப் பத்திரத்திலேயே சேர்க்க முடியுமான்னு கேட்டேன். எல்லாருக்கும் ஒரே ஃபார்மட், மாத்த முடியாது என்றார்கள். அந்த மெயிலை பிரிண்ட் எடுத்து பாண்டோட காப்பிக்குப் பின்னாடி வச்சிருக்கேன்.

நண்பர்களே, இந்த சீசனில் உங்களில் நிறைய பேர் கைக்கு இப்படி ஒரு பிடிஎஃப் வரும். அந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்குன்னு தேடுங்க. எத்தனை இடத்தில் வருதோ அத்தனை கேள்வி உங்ககிட்ட கேட்கிறாங்கன்னு அர்த்தம். நீங்களும் திருப்பிக் கேளுங்க. எழுத்தில் கேளுங்க. எல்லாத்துக்கும் நமக்குச் சாதகமா பதில் வரும்னு சொல்ல மாட்டேன். எனக்கே நாலில் ஒண்ணு பாதகம்தான். ஆனா எதுக்குச் சரின்னு சொன்னோம்னு தெரிஞ்சு சொல்லலாம்.

அன்னைக்கு சாயங்காலம் அப்பா வேலை முடிஞ்சு வந்து கைகால் கழுவிட்டு உட்கார்ந்தார். பதிலை எல்லாம் படிச்சுச் சொன்னேன்.

"இருபத்தி மூணாவது மாசம் விட்டாலும் முழுப் பணமா?"

"அவங்க எழுதியிருக்கிறது அப்படித்தான்ப்பா. கோர்ட்டுக்குப் போனா எவ்வளவு நியாயம்னு பார்ப்பாங்க."

"கோர்ட்டுக்கு அலைய நமக்கு முடியுமா?"

"முடியாது."

கொஞ்ச நேரம் பேப்பரையே பார்த்துக்கிட்டு இருந்தார்.

"ரெண்டு வருஷம் இருப்பியா தம்பி?"

"இருப்பேன்ப்பா."

பையிலிருந்து பேனாவை எடுத்தார்.